பிஸ்மத் பிறந்தநாள்
நரம்பியல் மருத்துவர் ஆலிவர் சாக்ஸ் தன் கடைசி மாதங்களில் எழுதிய கட்டுரைகளை மறுபடி எடுத்து வாசித்தேன். 2005இல் கண்ணில் வந்த புற்றுநோய் பத்தாண்டு கழித்துக் கல்லீரலில் தலைகாட்டியதும், இனி மாதக்கணக்குதான் என்று அவரே எழுதியதும் உங்களுக்குத் தெரிந்த கதை. என் மனத்தை விட்டு அகலாதது அவருடைய மேசை. சிறுவயது முதலே தனிமங்கள் மேல் பித்து அவருக்கு. வயது எத்தனையோ அத்தனையாவது தனிமத்தோடு பிறந்தநாளைச் சேர்த்துப் பார்ப்பார். 81க்கு நண்பர்கள் அனுப்பிய தாலியமும் 82க்கான காரீயமும் மேசையில் இருந்தன. பக்கத்திலேயே, 83ஆம் தனிமமான பிஸ்மத்! ஆஸ்திரேலியாவில் கிடைத்தது, பொலிவியச் சுரங்கத்தில் வெட்டியது, உருக்கி ஆறவிட்டு வானவில் நிறம் காட்டும் படிகம் என்று ஒரு சிறு கூட்டமே. அந்தப் பிறந்தநாள் தனக்கு வராது என்று தெரிந்தே வைத்திருந்தார். யாரும் பெரிதாக மதிக்காத சாம்பல் உலோகம் என்பதால் அதன் மேல் அவருக்குத் தனிப் பரிவு. இரவுச் செய்திகளையும் அரசியல் வாதங்களையும் விட்டுவிட்டார், இதை விடவில்லை. சாகப்போகிறவர் எல்லாப் பற்றையும் அறுக்க வேண்டும் என்று சொல்லியே வளர்த்தார்கள் என்னை. இப்போது அதை நான் நம்பவில்லை. எதை விடுவது, எதைக் கையருகே வைத்துக்கொள்வது என்று பிரிக்கத் தெரிவது எவ்வளவு பெரிய விஷயம்! உங்கள் வீட்டில் நோயுற்றவர் இருந்தால், மாத்திரை நேரத்தோடு அவருக்குப் பிடித்ததையும் கேளுங்கள். சாக்ஸ் 2015 ஆகஸ்ட் 30 அன்று நியூயார்க்கில் இறந்தார். வயது 82.