மின்மடலும் எழுத்துச் சிதைவும்

மென்பொருளைப் புதுப்பித்த மறுநாள், பழைய தமிழ் மின்மடல்கள் பொருளற்ற குறிகளாய்த் தோன்றக் கண்டு சிலர் அவற்றை அழிந்தனவென்று நீக்கிவிடுகின்றனர். அது தகாதென்பதே நம் கருத்து.

கணினி எழுத்தை அறியாது, எண்ணையே அறியும். எவ்வெண் எவ்வெழுத்தைக் குறிக்குமென்னும் உடன்படிக்கையே குறியாக்கமாம். யூனிகோடு 1991-ஆம் ஆண்டிலேயே தமிழுக்கு இடமளித்தது. எனினும் டிஸ்கி, டாம், டாப் முதலியனவும் பின்னர்ப் பல்லாண்டு வழங்கின. மடலின் தலைப்பிற் குறியாக்கப்பெயர் இல்லையாயினும் பிழைபட இருப்பினும், மென்பொருள் தானே ஒன்றை ஊகிக்கும்; புதுப்பித்தபின் அவ்வூகம் மாறுதலுங் கூடும். யூடிஎஃப்-8 முறையில் 'அ' மூன்று பைட்டுகளாலாயது; அதனை மேலைநாட்டுப் பழைய முறையிற் படிப்பின் மூன்று வேறு குறிகள் தோன்றும். பிழை மடலிலன்று, படிப்பிலேயாம்.

ஆதலின், முதலில் மூலமடலைப் படியெடுத்துக் காத்திடுக. பின்னரே குறியாக்கத்தை மாற்றிப் பார்க்க. சிதைந்த தோற்றத்தையே திரும்பச் சேமித்தலன்றோ மெய்யான அழிவு!

பழைய குறியாக்கங்களைப் புதிய மென்பொருள்கள் ஒவ்வொன்றாய்க் கைவிடுகின்றன. மாற்றுங்கருவிகள் கிடைக்கும் இக்காலத்திலேயே, கல்லூரிகள் தம் பழைய மடல்களை யூனிகோடிற் பெயர்த்து வைத்தல் வேண்டும். ஏடு செல்லரிக்குமுன் பெயர்த்தெழுதிய நம் முன்னோர் காட்டிய நெறியும் அதுவே.