3 லட்சத்து 88 ஆயிரமும் 714 ரூபாயும்



இரண்டு மாதமாக சார் ஒன்றும் எழுதவில்லையே, உடம்புக்கு ஏதாவதா என்று சிலர் தனிச் செய்தியில் கேட்டிருந்தீர்கள். உடம்புக்கு ஒன்றுமில்லை. நானும் உங்கள் டீச்சரம்மாவும் கனடாவில் மகள் வீட்டில் இருக்கிறோம். டொரண்டோவுக்குப் பக்கத்தில் பிராம்டன் என்ற ஊர். வெளியே பனி. வாக்கிங் போக முடியாது. பேரனை டேகேருக்குக் கிளப்பி விட்டால் சாயங்காலம் வரை வேலை இல்லை. அதனால் மாப்பிள்ளை கார் வாங்கிய கதையில் நானும் மூக்கை நுழைத்தேன். அந்த அனுபவத்தைத்தான் எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாக இருக்கும். வெளிநாடு போகக் காத்திருக்கும் பிள்ளைகள் கடைசி வரை படியுங்கள். ஊரிலேயே இருப்பவர்கள் கட்டாயம் கடைசி வரை படியுங்கள்.

மகளும் மாப்பிள்ளையும் இங்கே வந்த முதல் வருடம் கார் வாங்கவில்லை. மைனஸ் 15 டிகிரியில் பேரனைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாப்பில் நின்ற படங்களை அனுப்புவாள். டீச்சரம்மா பார்த்துவிட்டு இரண்டு நாள் சரியாகச் சாப்பிட மாட்டாள். ஒருவழியாக 7 வருடம் ஓடிய டொயோட்டா கரோலா ஒன்றைப் பேசி முடித்தார்கள். இன்சூரன்ஸ் இல்லாமல் நம்பர் பிளேட் போட்டு ரோட்டில் இறக்க முடியாது. மாப்பிள்ளை ஒரு கம்பெனிக்கு போன் போட்டார். ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்தேன். 540 டாலர் என்றார்கள்.

மனக்கணக்கு நமக்குக் கைவந்ததுதானே. டாலருக்கு 60 ரூபாய் என்றே வைத்துக்கொள்வோம், போடுவதற்கு எளிது. 32,400 ரூபாய். "பரவாயில்லை மாப்பிள்ளை, வருஷத்துக்கு 32,000 தானே" என்றேன்.

"வருஷத்துக்கு இல்லைங்க மாமா. மாசத்துக்கு."

540ஐ 12ஆல் பெருக்கினால் 6,480 டாலர். ரூபாயில் 3,88,800. இவர்கள் கோவையில் இருந்தபோது ஓட்டிய 1,200 சிசி காருக்குக் கடைசியாகக் கட்டிய இன்சூரன்ஸ் 8,900 ரூபாய். கிளம்பும்போது அந்தக் காரை விற்ற விலை 3,70,000. அதாவது இங்கே ஒரு வருட இன்சூரன்ஸ் பணத்தில் அங்கே அந்தக் காரையே வாங்கிவிட்டு மிச்சப் பணத்தில் இரண்டு வருடம் இன்சூரன்ஸும் கட்டலாம். "கொள்ளைங்க இது" என்று நான் சொன்னதை என் பேரன் பிடித்துக்கொண்டு மூன்று நாள் "கொள்ளை, கொள்ளை" என்று திரிந்தான்.

அதன் பிறகுதான் நிதானமாக உட்கார்ந்து, ஒரு பழைய நோட்டில் கட்டம் போட்டு, ஒப்பிட ஆரம்பித்தோம். ஒரு வாரத்தில் ஐந்து இடங்களில் விலை கேட்டோம். ஒரே கார், அதே ஆட்கள், அதே வீடு. ஆனால் ஐந்து இடத்திலும் ஐந்து விலை. முதல் ஆளிடம் தலையாட்டியிருந்தால் தீர்ந்திருப்போம்.

விலை ஏன் இப்படி என்று கேட்டதில் எனக்குப் புரிந்ததைச் சொல்கிறேன். நம் ஊரில் தேர்டு பார்ட்டி இன்சூரன்ஸ் தொகையை அரசு நிர்ணயித்துவிடுகிறது. 2022 ஜூன் 1 முதல் 1,000 சிசிக்கு உட்பட்ட காருக்கு 2,094 ரூபாய், 1,500 சிசி வரை 3,416 ரூபாய். எந்தக் கம்பெனியில் போட்டாலும் அதுதான். ஓட்டுகிறவன் யார், எப்படி ஓட்டுவான் என்று அங்கே யாரும் கேட்பதில்லை. வண்டியைத்தான் பார்க்கிறார்கள். இங்கே ஒன்டாரியோ மாகாணத்தில் தனியார் கம்பெனிகள் விலையைப் போட்டு அரசு ஆணையத்திடம் ஒப்புதல் வாங்குகின்றன. அவர்கள் முதலில் ஓட்டுகிற ஆளைப் பார்க்கிறார்கள். வயது, லைசென்ஸ் வாங்கி எத்தனை வருடம், முன்பு எங்கே இன்சூரன்ஸ் வைத்திருந்தாய், இடித்திருக்கிறாயா, தினமும் எவ்வளவு தூரம் ஓட்டுவாய் என்று என் காலத்துப் பள்ளி ஆய்வாளரைவிட அதிகமாகக் கேட்கிறார்கள். கடைசியில் வீட்டின் அஞ்சல் குறியீட்டையும் கேட்கிறார்கள். பிராம்டன்காரர்களுக்கு அங்கேதான் அடி. மாகாணத்திலேயே அதிக விலை சொல்லப்படும் ஊர்களில் இது ஒன்று.

எனக்கு இதில் இரண்டு ஆட்சேபங்கள் உண்டு.

முதல் ஆட்சேபம் இந்த அஞ்சல் குறியீடு. பக்கத்துத் தெருவில் கார் திருடு போனால் ஒழுங்காக ஓட்டுகிற என் மாப்பிள்ளை ஏன் கூடுதலாகக் கட்ட வேண்டும்? வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறான் என்பதற்காக ஒருவனுக்கு மார்க்கைக் குறைப்பது மாதிரி இருக்கிறது. (கடைசி பெஞ்சுக்காரர்கள் யார் யார் என்று எனக்கு நினைவிருக்கிறது. இப்போது அவர்களில் இரண்டு பேர் தாசில்தார் அலுவலகத்தில் இருக்கிறார்கள்.) இந்த முறையை மாற்ற வேண்டும் என்று இங்கே மாகாணச் சட்டமன்றத்திலும் ஒரு முறைக்கு மேல் மசோதா வந்திருக்கிறதாம். இன்னும் மாறவில்லை.

இரண்டாவது, 14 வருடம் ஒரு கீறல் இல்லாமல் ஓட்டியவரை நேற்று லைசென்ஸ் வாங்கிய பையனோடு சேர்த்து உட்கார வைப்பது. இதை மாப்பிள்ளையிடம் ஆவேசமாகச் சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டே, "மாமா, போன வாரம் ஐஸ்ல பிரேக் புடிச்சேன். வண்டி நிக்காம நேராப் போயி நடைபாதைக் கல்லுல முட்டுச்சு. அந்த நிமிஷம் நானும் புது டிரைவர்தாங்க" என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. வலது பக்கம் ஓட்டுவது, பனி, நெடுஞ்சாலையில் மணிக்கு 100 கிலோமீட்டர் எல்லாம் அவருக்குப் புதிதுதான். ஆனாலும் 14 வருடத்துக்கு ஒரு மார்க்காவது போடலாம் அல்லவா?

போடுகிறார்கள், காகிதம் காட்டினால். வெளிநாடு கிளம்பும் பிள்ளைகள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். இந்திய லைசென்ஸ் வைத்திருப்பவர் இங்கே முதலில் எழுத்துத் தேர்வு எழுத வேண்டும். ஓட்டிய அனுபவத்தில் 12 மாதம் வரை நாமே சொன்னால் போதும். அதற்கு மேல் சொன்னால் லைசென்ஸ் கொடுத்த ஆர்.டி.ஓ. அலுவலகத்திலிருந்தோ தூதரகத்திலிருந்தோ எழுத்துச் சான்று கேட்கிறார்கள். மாப்பிள்ளை கிளம்புமுன் அலைந்து திரிந்து அதை வாங்கி வந்தார். இங்கே நேராக முழு லைசென்ஸுக்கான ரோடு டெஸ்டுக்குப் போனார், பாஸ். என் மகளுக்கும் 9 வருட லைசென்ஸ். "அங்க போயிப் பாத்துக்கலாம்பா" என்று வந்துவிட்டாள். இப்போது ஜி2 என்ற இடைநிலை லைசென்ஸில் இருக்கிறாள். நான் இடைநிலை ஆசிரியராக 34 வருடம் இருந்தேன், அது கௌரவம். இது இன்சூரன்ஸ் தொகையைக் கூட்டுகிறது, அவ்வளவுதான்.

அதேபோல ஊரில் உள்ள இன்சூரன்ஸ் கம்பெனியிடம், இத்தனை வருடம் பாலிசி இருந்தது, கிளெய்ம் எதுவும் இல்லை என்று கடிதமும், நோ கிளெய்ம் போனஸ் சான்றும் வாங்கிக்கொள்ளுங்கள். காரை விற்றாலும் அந்த போனஸ் உங்கள் பெயரில்தான் இருக்கும், காரோடு போகாது. பலருக்கு இது தெரியாது. நாங்கள் பேசிய ஐந்து இடங்களில் மூன்று பேர் அந்தக் கடிதத்தைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இரண்டு பேர் பார்த்தார்கள். அந்த இரண்டில் ஒன்றில்தான் கடைசியில் போட்டோம். பனிக்கால டயருக்குத் தள்ளுபடி, வாடகை வீட்டு இன்சூரன்ஸையும் அங்கேயே போட்டதற்குத் தள்ளுபடி, சேதம் வந்தால் முதல் 1,000 டாலர் நம் கையிலிருந்து என்று ஒப்புக்கொண்டதற்குக் கொஞ்சம் குறைவு என்று எல்லாம் சேர்த்து மாதம் 362 டாலர்.

இன்னமும் அதிகம்தான். ஆனால் ரூபாயில் பெருக்கிப் பார்த்து மூச்சடைப்பதை நான் நிறுத்திவிட்டேன். அது தப்பான கணக்கு. இங்கே 2025 அக்டோபர் முதல் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 17.60 டாலர். 362 டாலர் என்றால் அந்தக் கூலியில் ஏறக்குறைய 21 மணி நேர வேலை. பிழைக்க வந்த இளம் குடும்பத்துக்கு மாதத்தில் இரண்டரை நாள் உழைப்பு இதற்கே போகிறது. இதைப் பார்த்தால்தான் உண்மையான பாரம் தெரிகிறது.

அந்தப் பணத்துக்கு என்ன வாங்குகிறோம் என்பதையும் கட்டத்தில் எழுதினேன். இங்கே யார் மேல் தவறு என்று பாராமல், காயம்பட்டவரின் சிகிச்சைக்கு 65,000 டாலர் வரை, மிகக் கடுமையான பாதிப்பு என்றால் 10 லட்சம் டாலர் வரை அவரவர் பாலிசியிலேயே உண்டு. வேலைக்குப் போக முடியாவிட்டால் வாரம் 400 டாலர் வரை வருமான இழப்புத் தொகை. 2026 ஜூலை 1 முதல் இந்த வருமான இழப்புத் தொகை உட்படச் சிலவற்றை வேண்டும் என்றால் வைத்துக்கொள், வேண்டாம் என்றால் விடு என்று மாற்றுகிறார்கள். விலை குறைகிறதே என்று அதை வெட்டிவிட வேண்டாம் என்று மாப்பிள்ளையிடம் சொல்லி வைத்திருக்கிறேன். இரண்டு சம்பளத்தில் ஓடுகிற வீடு இது.

இதற்கு நடுவில் ஒரு சோதனை வந்தது. இதை எழுதலாமா என்று யோசித்தேன். எழுதிவிடுகிறேன். மாப்பிள்ளைக்குச் சித்தப்பா மகன் முறை ஒருவர் இங்கிருந்து இரண்டு மணி நேரத் தொலைவில் ஒரு சிறிய ஊரில் இருக்கிறார். நல்ல பையன். "எங்க வீட்டு அட்ரஸ் போடுங்கண்ணா, 235 டாலர்ல முடிஞ்சிரும். இங்க பாதிப் பேர் அப்படித்தான்" என்றார். மாதம் 127 டாலர் மிச்சம். வருடத்துக்கு 1,524 டாலர், 91,440 ரூபாய். நான் என்ன சொன்னேன் தெரியுமா? ஒன்றும் சொல்லவில்லை. அரை மனதாகத் தலையை ஆட்டினேன். முகவரி மாற்றிக் கொடுப்பது நமக்குப் புதிதா? பள்ளிச் சேர்க்கைக்கு மாமா வீட்டு முகவரியைக் கொண்டுவந்த பெற்றோர் எத்தனை பேர்! தெரிந்தே சேர்த்துக்கொண்டவன் நான்.

மகள்தான் கேட்டாள். "அப்பா, நாளைக்கு நான் யாரையாவது இடிச்சுட்டா? கம்பெனி வந்து நீ இருக்கறது இங்க, எழுதுனது அங்க, காசு தர முடியாதுன்னா? கீழ விழுந்தவங்களுக்கு யார் குடுப்பா?"

அவள் கேட்டதும் எனக்கு எங்கள் பள்ளிச் சத்துணவு சமையலம்மாவின் முகம் வந்து நின்றது. பழைய மாணவர்களுக்கு நினைவிருக்கும். முட்டை போடுகிற நாளில் அடம் பிடிக்கிற பிள்ளைகளை ஊட்டி விடுவார். அவருடைய வீட்டுக்காரர் சைக்கிளில் வந்துகொண்டிருந்தபோது லோடு ஆட்டோ ஒன்று அடித்துப் போட்டது. ஆட்டோவுக்கு இன்சூரன்ஸ் முடிந்து நான்கு மாதமாகியிருந்தது. கோர்ட்டுக்கு நானும் இரண்டு மூன்று முறை துணைக்குப் போயிருக்கிறேன். வருடக் கணக்கில் நடந்து, இழப்பீடு கொடுக்கச் சொல்லித் தீர்ப்பும் வந்தது. இன்சூரன்ஸ் இருந்திருந்தால் கம்பெனி கட்டியிருக்கும். நம் சட்டப்படி உயிரிழப்புக்கு அவ்வளவுதான் என்ற உச்சவரம்பே கிடையாது, கோர்ட் சொன்னதைக் கட்டியாக வேண்டும். இன்சூரன்ஸ் இல்லாததால் ஆட்டோக்காரர்தான் கட்ட வேண்டியவர். அவருக்கு ஓட்டு வீடும் கடனும்தான் சொத்து. தீர்ப்பின் நகலை அந்தம்மா பிளாஸ்டிக் பையில் போட்டு அரிசிப் பானைக்குப் பக்கத்தில் வைத்திருந்தார். நான் ஓய்வு பெறும் வரை அந்தப் பை அங்கேயேதான் இருந்தது.

பிராம்டன் முகவரியே போட்டோம்.

இங்கே இன்சூரன்ஸ் இல்லாமல் ஓட்டிப் பிடிபட்டால் முதல் தடவையே குறைந்தது 5,000 டாலர் அபராதம், 25,000 வரை போகலாம். நம் ஊரில் முதல் தடவை 2,000 ரூபாய். ஹெல்மெட் போடாததற்குப் பயப்படுகிற அளவுக்குக்கூட நாம் இதற்குப் பயப்படுவதில்லை. கனடாவில் விலை அதிகம் என்று நான் குறை சொல்லலாம், சொல்கிறேன். நம் ஊரில் 150 சிசி வரையிலான பைக்குக்கு வருடம் 714 ரூபாய்தான் தேர்டு பார்ட்டி. வரி சேர்த்தால் 843. அதையும் கட்டாமல் "டவுனுக்கா போறோம், தோட்டத்துக்குத்தானே" என்று ஓட்டுகிறவர்களை என்ன சொல்வது?

இதைத்தான் நேற்று ராத்திரி காரசாரமாக எழுதி முடித்தேன். பதிவு போடுமுன் ஏதோ தோன்றி, ஊரில் நிற்கும் என் ஸ்கூட்டரின் பாலிசியைப் பார்த்தேன். நாங்கள் விமானம் ஏறிய பதினெட்டாம் நாளே முடிந்திருக்கிறது. வண்டி சும்மா நிற்கவும் இல்லை. சாவி என் தம்பி மகனிடம். தினமும் அதில்தான் மில்லுக்குப் போய் வருகிறான்.

அங்கே அப்போது காலை ஒன்பது மணி. அவனுக்கு போன் போட்டேன். "ஏன் பெரியப்பா, இந்த நேரத்துல?" என்றான். வண்டியை நிறுத்திவிட்டு பஸ்ஸில் போகச் சொன்னேன். சிரித்தான். வாத்தியார் குரலில் இன்னொரு முறை சொன்னேன். மத்தியானம் பணம் கட்டி, புது பாலிசியைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினான். அதை இரண்டு தரம் பெரிதாக்கித் தேதியைப் பார்த்த பிறகுதான் இந்தப் பதிவைப் போடுகிறேன்.

எழுந்து போய் உங்கள் வண்டிப் பாலிசியின் தேதியைப் பார்த்துவிட்டு, கீழே "பார்த்தாச்சு சார்" என்று மட்டும் எழுதுங்கள். முடிந்து போயிருந்தாலும் எழுதலாம். சார் திட்ட மாட்டேன், இந்த முறை திட்டுகிற நிலையில் சார் இல்லை.