கணக்குப்பிள்ளையின் பெட்டியும் சர்க்காரின் வலையும்

அரிமளம் போன்ற ஊர்களில் ஒரு குடியானவருக்கு நஞ்சை எவ்வளவு, புஞ்சை எவ்வளவு, கிஸ்தி என்ன, எல்லைக்காரர் யார் என்ற விவரங்களெல்லாம் வெகுகாலம் கணக்குப்பிள்ளையின் வீட்டுப் பெட்டியிலேதான் இருந்தன. ஊருக்குப் பொதுவான அந்தக் கணக்கு, பெரும்பாலும் ஒரே குடும்பத்தின் ஆஸ்தியைப் போலத் தகப்பனிடமிருந்து மகனுக்கு இறங்கி வந்தது. அதை எவர் எப்போது பிரித்தார், எந்த வரியைத் திருத்தினார் என்பதை நிலத்துக்கு உடையவரே அறிய மார்க்கமில்லை. 1980 நவம்பரில் எம்.ஜி.ஆர். அரசாங்கம் அந்தப் பதவிகளை ஒழித்து, பின்னர் கிராம நிர்வாக அலுவலர்களை நியமித்தபோது பெட்டி கை மாறியது; கணினி வந்த பிறகு பெட்டியே மறைந்துபோயிற்று.

இன்று அரிமளம் ஒன்றிய அலுவலகமும் திருமயம் வட்டாட்சியர் அலுவலகமும் புதுக்கோட்டை ஆட்சியரகமும் சென்னைத் தலைமைச் செயலகமும் ஒன்றோடொன்று பேசிக்கொள்வதற்கென்று, எல்காட் நிறுவனத்தின் பொறுப்பில் மாநிலப் பெரும்பரப்பு வலையமைப்பு ஒன்று இயங்குகிறது. 1976-ல் ஏற்பட்ட தேசிய தகவலியல் மையமோ பாரத தேசம் முழுவதற்குமே அத்தகைய வலையை விரித்திருக்கிறது. நிலக் கணக்கு ‘தமிழ் நிலம்’ என்ற மென்பொருளில் இருக்கிறது. 2018 முதல் பத்திரப்பதிவும் இணையவழியாகி, பதிவான கிரயம் பட்டா மாறுதலுக்காக வருவாய்த்துறைக்குத் தானே போய்ச் சேருகிறது. வெளியார் நுழையக் கூடாத இவ்வகை அகவலைகள் மீது எனக்கு எவ்வித விரோதமும் இல்லை. கூடங்குளத்தில் 2019 அக்டோபரில் நிலையத்தார் முதல் நாள் மறுத்த செய்தியை மறுநாளே அணுமின் கழகம் ஒப்புக்கொண்டு, நிர்வாக வேலைக்காக இணையத்தோடு இணைந்திருந்த ஒரு கணினியில் நச்சுநிரல் புகுந்தது உண்மையே என்றும், உலையை நடத்தும் உள்வலை அதனின்றும் தனித்தே இருந்தது என்றும் தெரிவித்ததை நினைவுகூர்பவர்கள், இந்தப் பிரிவினையின் அவசியத்தை எளிதில் உணர்வார்கள். 2022 நவம்பரில் டில்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் கணினிகள் தாக்கப்பட்டு, நோயாளிகளுக்குப் பல நாள் கையாலேயே சீட்டு எழுத நேர்ந்தது.

ஆகவே மதில் வேண்டும். ஆனால் அது யாருக்கு எதிராக எழுப்பப்பட்டது என்பதே கேள்வி. வடகொரியாவில் ‘குவாங்மியோங்’ என்றொரு தேசிய உள்வலை உண்டு. வெளியுலகைப் பிரஜைகள் காணாதிருப்பதே அதன் பிரயோஜனம். நம் நிலைமை அவ்வளவு மோசமில்லை என்பது வாஸ்தவம். சர்வே எண் தெரிந்த எவரும் இன்று கைப்பேசியில் பட்டாவைப் பார்க்கலாம். விண்ணப்பம் எந்த அதிகாரியிடம் நிற்கிறது என்பதையும் அறியலாம். எனினும் மதிலுக்கு உள்ளே என் ஏட்டை யார் யார் திறந்தார்கள், எக்காரணம் பற்றித் திறந்தார்கள் என்று கேட்டால் பதில் சொல்வார் இல்லை. அந்தக் காலத்தில் “கணக்குப்பிள்ளை ஊரில் இல்லை” என்பார்கள். இப்போது “சர்வர் வேலை செய்யவில்லை” என்கிறார்கள். 2023-ல் நிறைவேறிய தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் அரசாங்கத்துக்கு விசாலமான விலக்குகளைத் தந்திருப்பதால், அதை நம்பிச் சும்மா இருப்பதற்கில்லை.

எஸ்தோனியாவில் ‘எக்ஸ்-ரோடு’ என்ற பெயரில் 2001-ல் தொடங்கிய ஏற்பாட்டின்படி, அரசாங்க இலாகாக்களின் கணக்குகள் ஒரே வலையின் வழியாகப் பரிமாறிக்கொள்ளப்படுகின்றன. தம்மைப் பற்றிய விவரத்தை எந்த இலாகா எப்போது பார்த்தது என்பதை அந்நாட்டுப் பிரஜை தாமே வலையில் பார்த்துக்கொள்ள வழி செய்திருக்கிறார்கள். அது சின்னஞ்சிறு தேசம், நமக்கு ஒத்துவராது என்று சொல்வோருக்கு ஒன்றை நினைவூட்டுகிறேன்: அத்தேசத்தின் ஜனத்தொகை, 2011 கணக்கெடுப்பில் பதினாறு லட்சத்தைத் தாண்டிய நமது புதுக்கோட்டை மாவட்டத்தினுடையதைவிடக் குறைவு. ஒரு தேசம் செய்யக்கூடியதை ஒரு மாவட்டத்தில் பரீட்சித்துப் பார்க்கலாகாதா?

கிராமத்து ஜனங்களுக்கு இதெல்லாம் விளங்காது என்ற ஆட்சேபத்தை, இந்த மாவட்டத்தைப் பொறுத்தவரை நான் ஏற்கமாட்டேன். 1990-களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் இங்கே நடந்தபோது, கல் உடைக்கும் பெண்களும் வயலில் கூலிக்குப் போகும் பெண்களும் எழுத்தறிந்ததோடு நில்லாமல், ஊரார் பரிகாசத்தைப் பொருட்படுத்தாமல் சைக்கிள் ஓட்டவும் பழகினார்கள் என்பது தேசமறிந்த சங்கதி. தன் பட்டாவை இன்ன தேதியில் இன்ன அலுவலகம் பார்த்தது என்ற இரண்டு வரிக் குறுஞ்செய்தியைப் படிக்கவா அவர்களால் இயலாது?

கணினியில் யார் நுழைந்தாலும் சுவடு பதிய வைப்பது பெரிய வித்தையல்ல. அந்தச் சுவட்டை உடையவருக்குக் காட்டுவதற்கு வேண்டியது ஓர் உத்தரவுதான். நீதிமன்றத்திலோ காவல்துறையிலோ விசாரணை நடக்கும் இனங்களை வேண்டுமானால் சில மாதம் மறைத்து வைக்கட்டும். முதலில் நிலக் கணக்குக்கு மட்டும், முதலில் புதுக்கோட்டை மாவட்டத்துக்கு மட்டும், அந்த உத்தரவை வருவாய்த்துறை பிறப்பிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.