முகநூலும் சட்டமும்: யாருடைய வாய் அடைக்கப்படுகிறது?

2018 பெப்ரவரியில் அம்பாறையில் ஒரு முஸ்லிம் கடையின் உணவில் கருத்தடை மாத்திரை கலந்ததாகப் பரவிய வதந்தி நம்மில் பலருக்கு நினைவிருக்கும். அது வெறும் மாக்கட்டி என்று அரச பகுப்பாய்வாளர் சொன்னார். ஆனால் அதற்குள் அந்தக் காணொளி நாடு முழுக்கச் சுற்றிவிட்டது. மார்ச்சில் திகன எரிந்தது. அரசாங்கம் சுமார் ஒரு வாரம் முகநூலையும் வட்ஸ்அப்பையும் முடக்கியது. தனது தளத்தின் பங்குக்காக முகநூல் நிறுவனம் மன்னிப்புக் கேட்டது 2020 மே மாதத்தில்தான்.

ஹட்டன், நுவரெலியா நகரங்களில் நாம் தோட்டங்களுக்கு நடுவே சிறு கூட்டமாகக் கடை நடத்தி வாழ்கிறோம். ஒரு வதந்தி போதும், நம் கடைக்கு வரும் தோட்டத்து மக்களின் நம்பிக்கை உடைய. ஆகவே கட்டுப்பாடு வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை. கட்டுப்பாடு யார் கையில் என்பதே கேள்வி.

கட்டுகஸ்தோட்டை ரம்ஸி ராசிக்கைப் பாருங்கள். வெறுப்புப் பிரசாரத்துக்குப் பேனாவாலும் கீபோர்டாலும் பதில் சொல்வோம் என்று முகநூலில் எழுதினார். 2020 ஏப்ரலில் கைதானார். ஐந்து மாதங்களுக்கு மேல் சிறை. வெறுப்பைத் தடுக்க வந்த ஐ.சி.சி.பி.ஆர். சட்டமே அவர் மீது பாய்ந்தது. 2023இல் உச்ச நீதிமன்றம் அவரது அடிப்படை உரிமை மீறப்பட்டதாகத் தீர்ப்பளித்தது. இழந்த மாதங்களைத் தீர்ப்பு திருப்பித் தருமா?

இப்போது நிகழ்நிலைக் காப்புச் சட்டம். 2024 ஜனவரியில் 108க்கு 62 என்ற வாக்குகளால் நிறைவேறியது. எது பொய் என்று தீர்மானிக்கும் ஆணைக்குழுவின் ஐவரையும் அரசியலமைப்புப் பேரவையின் அனுமதியுடன் ஜனாதிபதியே நியமிப்பார். மக்கள் பிரிவினரிடையே பகைமை வளர்க்கும் பொய்யும் அதில் அடங்கும். ஒழுகும் லயத்துக் கூரையை ஒரு தொழிலாளி படம்பிடித்துப் போட்டால், "இது பொய், நிர்வாகத்தின் மீது வெறுப்பைத் தூண்டுகிறது" என்று தோட்ட நிர்வாகம் முறையிடலாம் அல்லவா? 1948இல் சட்டத்தாலேயே பிரஜாவுரிமை பறிக்கப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள் இவர்கள். சட்டம் என்றதும் அவர்கள் தயங்குவதில் வியப்பில்லை.

வகுப்பில் என் மாணவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: வந்த செய்தியை முதலில் சொன்னவர் யார்? பாதிப் பேர் அதை இதுவரை தேடியதே இல்லை. பாடத்திட்டத்தில் இதற்கு இடம் வேண்டும். நிறுவனங்கள் சிங்களமும் தமிழும் புரிந்தவர்களைப் போதிய அளவில் வைக்க வேண்டும். ஒரு பதிவை நீக்கும் முன் நீதவானின் கட்டளை கட்டாயமாக வேண்டும். சட்டத்தைத் திருத்துவோம் என்று வாக்குக் கேட்டு வந்தவர்களிடம் நம் பள்ளிவாசல் நிர்வாகங்களும் தோட்டத் தொழிற்சங்கங்களும் சேர்ந்தே இதைக் கேட்கலாம்.