கற்பூரமும் சொத்தைப் பல்லும்

அம்மையார்குப்பத்துத் தறிக்காரத் தோழர்கள் பலர் கூலிக்காசில் கற்பூரம் வாங்கித் திருத்தணி மலையில் கொளுத்துகிறார்கள். மிஞ்சுவது என்ன? புகையும் கரியுமேயாகும். ஆனால் அதே கற்பூரத்தை ரசாயன நிபுணர்கள் ஆக்சிஜனேற்றி, ‘கேம்ஃபர்குவினோன்’ என்னும் மஞ்சள் தூளாக்குகிறார்கள். பல் வைத்தியர் சொத்தையில் அடைக்கும் பசையில் இது சிறிதளவு கலந்திருப்பதுண்டு. சுமார் 470 நானோமீட்டர் நீல வெளிச்சம் பட்டதும், கூட இருக்கும் அமீனோடு சேர்ந்து, ஜோடியற்ற எலெக்ட்ரானுள்ள மூலக்கூறுத் துண்டுகளை உண்டாக்குகிறது. இவை பசையின் மூலக்கூறுகளைச் சங்கிலியாய்ப் பிணைக்க, ஏறக்குறைய 20 விநாடியில் பசை கெட்டியாகிவிடுகிறது. இதில் மந்திரமுண்டா? பூசாரியுண்டா? ஆனால் ஒன்று: சொத்தை பல்லின் உள்சதைவரை போய்விட்டால் இந்த அடைப்பு மாத்திரம் போதாது. ஆகவே, வேண்டுதலில் நாள் கடத்திப் பல்லைப் பறிகொடுப்பவர்கள் யோசிக்கட்டும். கற்பூரத்தை எரித்து வலியைச் சகிப்பதா? அல்லது அதனுள் மறைந்திருந்ததைக் கண்டறிந்த அறிவைக்கொண்டு காலத்தில் பல்லைக் காப்பதா?