எரிஉலை கேட்கும் 2,100 டன்

பெருநகர சென்னை மாநகராட்சி ஆணையர் அவர்களுக்கு,

கொடுங்கையூரில் நாளொன்றுக்கு 2,100 டன் குப்பையை எரித்து மின்சாரம் எடுக்கும் திட்டத்தைப் பற்றி எழுதுகிறேன். 2025 மே மாதம் வடசென்னை மக்கள் மனிதச் சங்கிலியாகக் கைகோத்து நின்று இதை எதிர்த்தார்கள். மணலி எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை, எண்ணூர் அனல் மின் நிலையங்கள், கொடுங்கையூர்க் குப்பைக் கிடங்கு எல்லாவற்றையும் பல பத்தாண்டுகளாகச் சுமந்து வரும் பகுதி அது. புகையையும் சாம்பலையும் குறித்து அவர்கள் படும் அச்சத்தில் முழு நியாயம் இருக்கிறது. ஆனாலும் ஒரு வாதத்துக்காக, அந்தப் புகைபோக்கியிலிருந்து நஞ்சே வெளிவராது என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் ஒரு கேள்வி மிஞ்சுகிறது: எரிக்கத் தகுந்த 2,100 டன் குப்பை சென்னையில் தினமும் எங்கிருந்து கிடைக்கும்?

சென்னை 426 சதுர கிலோமீட்டர், 200 வார்டுகள் கொண்ட நகரம். நாள்தோறும் 5,000 டன்னுக்கு மேல் குப்பை சேர்கிறது. கணக்குக்காக 5,500 டன் என்று கொள்வோம். நம் ஊர்க் குப்பையில் ஏறத்தாழப் பாதி, சமையலறையிலும் சந்தையிலும் சேரும் மக்கும் குப்பை. அதைத் தனியே எடுத்துவிட்டால் மிச்சம் 2,750 டன். அதிலும் தெருக் கூட்டும்போது அள்ளப்படும் மண்ணும் தூசியும் எரியாது. கண்ணாடியும் உலோகமும் எரியாது. அட்டை, காகிதம், பிளாஸ்டிக் புட்டிகள் ஆகியவற்றுக்கு விலை உண்டு. காயலான் கடைகளும், அவற்றை நம்பிப் பிழைக்கும் பல்லாயிரம் குடும்பங்களும் அவற்றைத் திரும்பப் பயன்பாட்டுக்கு அனுப்புகின்றன. இத்தனையும் கழிந்த பிறகு மறுசுழற்சிக்கு உதவாத, எரிக்க மட்டுமே ஏற்ற குப்பை 2,100 டன் மிஞ்ச வேண்டுமானால், மக்காத குப்பையில் முக்கால் பங்குக்கு மேல் உலைக்குப் போக வேண்டும். எனக்கு இந்தக் கணக்கு இடிக்கிறது. தரம் பிரிப்பது ஒழுங்காக நடந்தால் உலைக்குத் தீனி போதாது. உலைக்குத் தீனி தினமும் தவறாமல் கிடைக்கிறதென்றால், தரம் பிரிப்பது நடக்கவில்லை என்று பொருள்.

இதனால்தான் எரிஉலையைப் பல கருவிகளுள் ஒன்றாகப் பார்க்க முடியவில்லை. பெரும் முதலீட்டில் கட்டப்படும் ஆலை, போட்ட பணத்தை மீட்கப் பல ஆண்டுகள் இடைவிடாமல் ஓடியாக வேண்டும். கட்டியவர் அதற்கான உத்தரவாதத்தை ஒப்பந்தத்தில் கேட்பார். கேட்பது அவர் தொழில். குறித்த அளவு குப்பையைத் தினமும் கொண்டுவந்து கொட்டுவது மாநகராட்சியின் கடமையாகிவிடும். அன்றிலிருந்து, ஒரு வார்டில் மக்கள் குப்பையைக் குறைத்தால் அது ரிப்பன் மாளிகைக்கு நட்டக் கணக்கு. தங்கள் நிர்வாகம் 2020-ல் செய்த ஒரு நல்ல மாற்றத்தை இங்கே நினைவூட்ட வேண்டும். அள்ளும் டன்னுக்கு இவ்வளவு என்று காசு கொடுத்தால் ஒப்பந்ததாரருக்கு எடையில்தான் அக்கறை இருக்கும், மண்ணும் கல்லும் வண்டியில் ஏறும் என்பதைப் பட்டறிந்துதான், குப்பை அள்ளும் ஒப்பந்தங்களில் சேவைத் தரத்தை அளந்து பணம் கொடுக்கும் முறைக்கு மாநகராட்சி வந்தது. தெருவில் கைவிட்ட எடைக் கணக்கைக் கொடுங்கையூரில் ஏன் மறுபடியும் கொண்டுவர வேண்டும்?

உலைக்குப் போவது உலர்ந்த குப்பை மட்டுமே, மக்கும் குப்பைக்கு அதே வளாகத்தில் எரிவாயு ஆலையும் உரக் கூடமும் வரும் என்று தங்கள் பொறியாளர்கள் பதில் சொல்லக்கூடும். காகிதத்தில் அது சரி. ஆனால் வீட்டில் பிரித்துக் கொடுத்த குப்பையும் காம்பாக்டர் லாரிக்குள் ஒன்றாகி நசுங்குவதைத் தெருவில் நிற்கும் எவரும் பார்க்கலாம். அப்படி நசுங்கி வருவதைக் கிடங்கில் எந்த இயந்திரத்தாலும் முழுதாகப் பிரிக்க முடியாது. ஈரம் தோய்ந்த காகிதமும் துணியும் மறுசுழற்சிக்கும் ஆகாது, நன்றாக எரியவும் எரியாது.

டெல்லியின் திமார்ப்பூர் இந்தப் பாடத்தை நாட்டுக்கே கற்றுக்கொடுத்தது. 1987-ல் டென்மார்க் தொழில்நுட்பத்தில், தினம் 300 டன் எரித்து 3.75 மெகாவாட் எடுக்க அங்கே ஓர் ஆலை கட்டினார்கள். சோதனை ஓட்டம் 21 நாளில் நின்றது. அந்த உலைக்கு வேண்டிய வெப்பத்திறனில் பாதி அளவுதான் டெல்லிக் குப்பையில் இருந்தது. அதற்குப் பிறகு தொழில்நுட்பம் வளர்ந்திருக்கிறது என்பது உண்மை. 2012-ல் தொடங்கிய ஓக்லா ஆலை ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் சுற்றியிருந்த குடியிருப்புகள் வழக்காடின, மாசு வரம்பை மீறியதற்காக 2017-ல் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் அந்த ஆலைக்கு 25 லட்சம் ரூபாய் இழப்பீடு விதித்தது. ஆலை ஓடுவது வேறு, விதிக்குட்பட்டு ஓடுவது வேறு.

சிங்கப்பூர் எரிக்கவில்லையா என்ற கேள்வியும் வரும். எரிக்கிறது. இடமே இல்லாத தீவு அது; எரித்த சாம்பலைக் கொட்ட 1999 முதல் செமக்காவு தீவைப் பயன்படுத்துகிறது, அதுவும் 2035 வாக்கில் நிரம்பிவிடும் என்று அந்நாட்டு அரசே கவலைப்படுகிறது. உலை குப்பையை மறையச் செய்வதில்லை. எடையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு சாம்பலாக நிற்கும், அதில் ஒரு பகுதி கடும் நச்சு. கொடுங்கையூரின் சாம்பலுக்கு எந்த ஊர் இடம் தரும்? டென்மார்க்கின் அனுபவம் இதைவிட முக்கியமானது. திமார்ப்பூருக்கு உலை கொடுத்த அந்த நாடு, தன் தேவைக்கு மேல் உலைகளைக் கட்டிவிட்டு, அவற்றை ஓட்ட அயல்நாட்டுக் குப்பையை வரவழைத்தது. 2020-ல் எரிக்கும் திறனை 30 விழுக்காடு குறைப்பதென்று அங்கே அரசியல் உடன்பாடு ஏற்பட்டது. அவர்கள் பின்வாங்கும் இடத்திலிருந்து நாம் புறப்பட வேண்டியதில்லை.

எதிர்வாதங்களில் கனமானது, நம் மக்கள் குப்பையைப் பிரிக்க மாட்டார்கள் என்பது. திடக்கழிவு மேலாண்மை குறித்த 2000-ம் ஆண்டு விதிகளும் 2016-ம் ஆண்டு விதிகளும் பிரிக்கச் சொல்லியும் இன்றுவரை சென்னை முழுதாகப் பிரிக்கவில்லை. இந்தக் குறையை மக்கள் தலையில் மட்டும் போடக் கூடாது. இந்தூரில் பிரித்துக் கொடுத்ததைப் பிரித்தே ஏற்றும் வண்டிகள் வந்தன, பிரிக்கும் பழக்கமும் கூடவே வந்தது. 2022-ல் நாளொன்றுக்கு 550 டன் ஈரக் குப்பையை எரிவாயுவாக்கும் ஆலையை அந்நகரம் தொடங்க முடிந்ததற்கு, தூய ஈரக் குப்பை தவறாமல் வந்துசேர்வதே காரணம். ஆலப்புழையில் சர்வோதயபுரம் மக்கள் குப்பை லாரிகளைத் தடுத்து நிறுத்தியபோது, நகரம் வீட்டுக்கு வீடு உரத்தொட்டி, எரிவாயுக் கலன் போன்ற சிறு ஏற்பாடுகளுக்குத் திரும்பியது. ஆலப்புழை சிறிய ஊர், சென்னைக்கு ஒப்பாகாது என்பதை மறுக்கவில்லை. ஆனால் சென்னையே 200 வார்டுகளால் ஆனது.

வார்டு தோறும் உரக்கூடம் வைத்துப் பார்த்தோம், நாற்றம் என்று அக்கம்பக்கத்தார் எதிர்த்தார்கள், பல மூடிக் கிடக்கின்றன என்பீர்கள். உண்மைதான். பிரிக்காத குப்பை வந்தது, போதிய ஆட்கள் இல்லை, உரத்தை வாங்க யாருமில்லை. இவை மூன்றும் நிர்வாகம் சரிசெய்யக்கூடிய குறைகள். உலைக்கு ஒதுக்கும் பணத்தில் ஒரு பங்கும், பொறியாளர்களின் கவனத்தில் பாதியும் இவற்றுக்குக் கிடைத்திருந்தால் பேச்சு வேறாக இருந்திருக்கும். 2025 ஆகஸ்டில் ரிப்பன் மாளிகை வாசலில் தூய்மைப் பணியாளர்கள் பணிப் பாதுகாப்புக்காகப் போராடியதையும் இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டும். ஒரே தெருவுக்கு ஆண்டுக்கணக்கில் வரும் பணியாளர் சொன்னால் அந்தத் தெரு பிரித்துக் கொடுக்கும். நாளை வேலை இருக்குமா என்று தெரியாதவரிடம் அந்தப் பொறுப்பை எப்படிச் சுமத்துவது?

பெருங்குடியிலும் கொடுங்கையூரிலும் பழைய குப்பை மலைகளைத் தோண்டிப் பிரிக்க மாநகராட்சி இப்போது பல நூறு கோடி ரூபாய் செலவிடுகிறது. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் மேலேயே குவிந்த பெருங்குடிக் கிடங்கு 2022 ஏப்ரலில் பல நாள் எரிந்ததை நகரம் மறக்கவில்லை. கலந்து கொட்டியதற்கு நாம் இன்று கட்டும் அபராதம்தான் இந்தச் செலவு. அதே கலப்படத்துக்கு இன்னொரு நீண்டகால ஒப்பந்தம் போடும் முன், தங்களிடம் நான்கு வேண்டுகோள்கள். உலைக்கான ஒப்பந்த வரைவைத் தமிழில் வெளியிடுங்கள். குறைந்தபட்ச எடையைக் கட்டாயமாக்கும் நிபந்தனை அதில் இருந்தால் நீக்குங்கள். நாளொன்றுக்கு 100 கிலோவுக்கு மேல் குப்பை உருவாக்கும் ஓட்டல்கள், திருமண மண்டபங்கள், அடுக்ககங்கள், கோயம்பேடு சந்தை ஆகியவற்றின் ஈரக் குப்பை ஓராண்டுக்குள் எந்தக் கிடங்குக்கும் போகாதபடி செய்யுங்கள். 2016 விதிகளே இதற்கான அதிகாரத்தைத் தந்தன. 200 வார்டுகளிலும் ஓராண்டு முழுக்க, பிரித்து வந்த குப்பை எவ்வளவு, கலந்து வந்தது எவ்வளவு என்று எடைபோட்டு மாதந்தோறும் மாமன்றத்தில் வையுங்கள். எரிப்பதைத் தவிர வழியில்லாத குப்பை சென்னையில் எத்தனை டன் என்பது அந்தக் கணக்கிலிருந்து தெரியவரும். உலை வேண்டுமா, வேண்டுமென்றால் எவ்வளவு பெரிதாக என்பதை அந்த எண் கையில் இருக்கும்போது பேசலாம். அதுவரை கையெழுத்திட வேண்டாம்.