சைக்கிளோன்: பேணுவதா, புதுக்குவதா?

பொழுதுபோக்குக்கென எழுப்பப்பட்ட பொறிகள் பண்பாட்டு வரலாற்றில் இடம்பெறும் தகுதியுடையனவா என்னும் வினாவை அறிஞர் பலர் இன்றும் ஓர் ஏளனப் புன்னகையுடனேயே எதிர்கொள்கின்றனர். கோயிலும் கோட்டையும் நூலகமும் பேணப்படவேண்டியவை என்பதில் எவருக்கும் ஐயமில்லை. உழைக்கும் மக்கள் ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகலிற் சில சதங்களைக் கொடுத்து ஏறி, கூச்சலிட்டு, தலைமயிர் கலைந்து இறங்கிய ஊர்தியொன்றை அவ்வரிசையில் வைத்து எண்ணும்போதுதான் முகஞ்சுழிப்புத் தோன்றுகின்றது. இம்முகஞ்சுழிப்பினாற் பயன்பெறுவோர் யாரெனிற் காணி வணிகரும் பொறி வணிகருமே. அறிஞர் புறக்கணித்த பொருளை அவர்கள் 'பழசு' என்னும் ஒரே சொல்லால் அப்புறப்படுத்திவிடுகின்றனர்.

நியூயோர்க் மாநகரின் புறூக்ளின் பகுதியில், அத்திலாந்திக் கடலை நோக்கிக் கிடக்கும் கொனி ஐலண்ட் கடற்கரையில் நிற்கும் 'சைக்கிளோன்' என்னும் ரோலர் கோஸ்டர் இதற்குத் தக்க எடுத்துக்காட்டாகும். வேர்ணன் கீனன் என்பவர் வரைந்து ஹரி பேக்கர் என்பவர் கட்டிய இது, 1927 யூன் 26ஆம் நாள் ஓடத் தொடங்கியது. 85 அடி உயரம்வரை சங்கிலியால் இழுத்துச் செல்லப்படும் பெட்டித்தொடர், அங்கிருந்து ஏறத்தாழ 58 பாகைச் சரிவில் விடப்படுகின்றது. அதன்பின் அதனை இழுக்கவோ தள்ளவோ எந்த இயந்திரமும் இல்லை. புவியீர்ப்பு ஒன்றே அதனை மணிக்கு 60 மைல் வேகத்தில் வீழ்த்தி, அரை மைல் நீளமான பாதையில் ஏற்றியும் இறக்கியும் வளைத்தும் செலுத்தி, இரண்டு நிமிடத்துக்குச் சற்றுக் குறைவான நேரத்தில் நிலையத்திற் கொண்டுவந்து சேர்க்கின்றது. தாங்குசட்டகம் உருக்கினால் ஆனது. தண்டவாளமோ அடுக்கி இறுக்கப்பட்ட மரப்பலகைகளின்மேல் மெல்லிய உருக்குப் பட்டை பதித்தது. 1927இல் இதற்கு அறவிடப்பட்ட கட்டணம் 25 சதம். அதற்கு ஏழாண்டுகளுக்கு முன்னரே நிலக்கீழ் இரயில் ஐந்து சதத்துக்குக் கொனி ஐலண்டுக்கு வரத் தொடங்கியிருந்தது. மாநகரின் நெருக்கடியான குடியிருப்புகளில் வாழ்ந்த தையற்றொழிலாளியும் துறைமுகத் தொழிலாளியும், அண்மையிற் கப்பலிலிருந்து இறங்கிய யூதரும் இத்தாலியரும் ஒரே ஆசனத்தில் நெருங்கியிருந்து ஒரே குரலில் அலறிய இடம் இது.

இத்தகைய ஊர்திகளைப் புதுக்கவேண்டுமென்போரின் வாதம் வலுவற்றதன்று. மரம் உளுக்கும், விரியும், சுருங்கும். கடற்காற்றில் உருக்குத் துருப்பிடிக்கும். ஆண்டுதோறும் பலகை மாற்றத் தச்சர் வேண்டும். ஏறியவர் முதுகும் கழுத்தும் நோவதாக முறையிடுவர். இவற்றுக்கெல்லாம் ஒரே தீர்வாக அமெரிக்காவிற் கடந்த பதினைந்தாண்டுகளாக ஒரு முறை கையாளப்படுகின்றது. பழைய மரச்சட்டகத்தை விட்டுவைத்து, மரத்தண்டவாளத்தை முற்றாகக் கழற்றி, அதன்மேல் உருக்குத் தண்டவாளத்தைப் பொருத்துவது அம்முறையாகும். ரெக்சாஸ் மாநிலத்தில் 1990இல் மரக் கோஸ்டராகத் திறக்கப்பட்ட 'ரெக்சாஸ் ஜயன்ற்' இவ்வாறு மாற்றப்பட்டு 2011இல் மீண்டும் ஓடிற்று. கலிபோர்னியாவில் 1978இல் எழுந்த 'கொலோசஸ்' 2015இல் 'ருவிஸ்ரட் கொலோசஸ்' ஆயிற்று. வெண்ணெயில் வழுக்குவதுபோல ஓடுகின்றன, முன்னர் இயலாத செங்குத்துச் சரிவுகளும் தலைகீழ்த் திருப்பங்களும் கைகூடின என்று புகழப்படுகின்றன. அவ்வாறாயிற் சைக்கிளோனுக்கு மட்டும் ஏன் இந்த விதிவிலக்கு என்று கேட்கின்றனர்.

முதலிற் பாதுகாப்பை எடுத்துக்கொள்ளலாம். சைக்கிளோனில் உயிர்கள் பலியானமை உண்மை. 1985இலும் 1988இலும் ஓட்டத்தின்போது எழுந்து நின்ற இருவர் இறந்தனர். இதனை மறைத்துப் பழைமையைப் போற்றுவது நேர்மையன்று. ஆனால் அவ்விரு மரணங்களுக்கும் மரத்தண்டவாளம் காரணமன்று. ஏறியவர் எழமுடியாதவாறு ஆசனத்தில் இருத்திவைக்கும் ஏற்பாட்டின் குறைவே காரணம். ஆசனத்தின் குறுக்குச் சட்டத்தைத் திருத்தலாம், திருத்தவும் வேண்டும். அதற்காகத் தண்டவாளத்தைப் பிடுங்கவேண்டியதில்லை. மறுபுறத்தில், உருக்குத் தண்டவாளம் பொருத்தப்பட்ட ரெக்சாஸ் ஜயன்றிலிருந்து 2013 யூலையில் ஒரு பெண் விழுந்து உயிரிழந்தார். புதுக்கப்பட்டமையாற் பாதுகாப்புத் தானாக வந்துவிடுமென்பது அங்கேயே பொய்த்தது. காலையில் ஊர்தி ஓடத் தொடங்குமுன் பாதை நெடுகிலும் நடந்து, ஆணியையும் பலகையையும் கண்ணாலும் கையாலும் பார்ப்பவரின் கவனமே மரக் கோஸ்டரின் பாதுகாப்பு. அந்தக் கவனத்துக்குச் சம்பளம் கொடுக்க மனமில்லாத இடத்தில் மரமும் கொல்லும், உருக்கும் கொல்லும்.

வழுவழுப்பு என்னும் வாதம் இதனினும் நுணுக்கமாக நோக்கப்படவேண்டியது. மரத்தண்டவாளம் சுமைக்கு இசைந்து சற்றே நெகிழ்கின்றது. அந்த நெகிழ்ச்சி ஏறியவரின் எலும்பில் அதிர்வாக உணரப்படுகின்றது. காலை ஓட்டத்திலும் பார்க்க, வெயிலில் கிறீஸ் இளகிய மாலையில் மரக் கோஸ்டர்கள் விரைந்தோடும் என்பதை அவற்றை இயக்குவோர் நன்கறிவர். மழைநாளில் அதே பாதை வேறொரு பாதை. இவையெல்லாம் குறைகள் என்பவர், பொறியாளன் வரைந்த கோட்டை மட்டுமே ஊர்தி என்று கொள்கின்றனர். வரைந்த கோடு, மரம், வானிலை, ஏறியிருக்கும் உடல்களின் பாரம் என்பன ஒன்றுகூடி நிகழும் நிகழ்வே ஊர்தி. உருக்கைப் பொருத்தியதும் மரத்துக்குரிய நெகிழ்ச்சியும் அதன் நாளுக்கு நாள் வேறுபாடும் போய்விடுகின்றன, எஞ்சுவது விரைவு. விரைவிலோ சைக்கிளோனை விஞ்சிய ஊர்திகள் பல உலகெங்கும் உள்ளன. வேறெங்கும் கிடைக்கும் ஒன்றைப் பெறுவதற்காக வேறெங்கும் கிடைக்காத ஒன்றை இழப்பது எந்த வகையில் முன்னேற்றம் என்பதைப் புதுக்கல்வாதிகளே விளக்கவேண்டும்.

இவ்விடத்திற் கூர்மையான மறுப்பொன்று எழும். சைக்கிளோனின் பலகைகள் காலத்துக்குக் காலம் மாற்றப்பட்டவை. 2010களிற் குளிர்காலங்களில் பாதை பகுதி பகுதியாகப் புதுப்பிக்கப்பட்டது. எனவே பேணப்படுவது எது, வெறும் பெயர்தானே என்பர். அன்றியும், சைக்கிளோனே ஓர் அழிப்பின்மேல் எழுந்ததன்றோ என்றும் வினவலாம். லமார்க்கஸ் தொம்சன் என்பவர் 1884இல் மணிக்கு ஆறு மைல் வேகத்தில் ஓடும் தமது 'சுவிச்பக்' ஊர்தியை அமைத்த இடத்திலேதான் சைக்கிளோன் நிற்கின்றது. அதனைக் கட்டுவதற்காக 'ஜயன்ற் றேசர்' என்னும் மற்றொரு கோஸ்டர் இடித்து அகற்றப்பட்டது.

இரண்டாவது வினாவுக்கு விடை எளிது. 1920களில் வட அமெரிக்காவெங்கும் மரக் கோஸ்டர்கள் ஆயிரத்துக்கு மேல் இருந்தன. ஒன்று போனால் அதனிலும் மேலான மற்றொன்றை அதே கைகள் கட்டின. வாழும் மரபு தன் படைப்பைத் தானே அழித்து மேற்செல்லும் உரிமையுடையது. பொருளாதார மந்தமும் போரும் அம்மரபைக் குலைத்தபின், எஞ்சிய சிலவற்றை அழிப்பது மரபின் செயலாகாது. முதலாவது வினாவிலோ உண்மையுண்டு. எனினும் அது பேணலுக்கு எதிரான வாதமன்று, பேணலின் இலக்கணமே அதுதான். பழுதடைந்த பலகைக்குப் பதில் அதே அளவில், அதே வளைவில் இன்னொரு பலகையைத் தச்சர் இடும்போது, மரத்தோடு அவரது கைத்திறனும் அடுத்த தலைமுறைக்குக் கைமாறுகின்றது. பலகை மாற்றத் தேவையில்லாத உருக்குத் தண்டவாளம் அத்தச்சரையும் தேவையற்றவராக்குகின்றது. 'பராமரிப்புச் செலவு குறைகின்றது' என்று கணக்கேட்டில் எழுதப்படுவதன் பொருள் பெரும்பாலும் இதுவே.

மெல்பேண் நகரின் லூனா பார்க்கில் 1912 முதல் ஓடும் 'சீனிக் றெயில்வே'யில் இன்றும் பெட்டித்தொடரின் நடுவே ஒருவர் நின்றுகொண்டு பிறேக்கை இயக்குகின்றார். எங்கே விடுவது, எங்கே பிடிப்பது என்பது அவர் கையில் இருக்கின்றது. அவரை நீக்கிவிட்டுப் பொறியொன்றைப் பூட்டுவது தொழில்நுட்ப ரீதியில் இயலாத காரியமன்று. ஆனால் அவர் போனபின் அங்கு ஓடுவது 1912இன் ஊர்தியாக இராது.

புதுக்கல் என்னும் சொல் கொனி ஐலண்டில் உண்மையில் எதனைக் குறித்தது என்பதற்கு அக்கடற்கரையின் வரலாறே சான்று பகர்கின்றது. 1897 முதல் இயங்கிய 'ஸ்ரீபிள்சேஸ்' பூங்கா 1964இல் மூடப்பட்டது. அதனை வாங்கியவர் பின்னாளிற் சனாதிபதியான டொனால்ட் ட்ரம்ப்பின் தந்தையாரான பிரெட் ட்ரம்ப். 1966இல் அவர் விருந்தினரை அழைத்து, பூங்கா மண்டபத்தின் கண்ணாடி முகப்பிற் கல்லெறிய வைத்து, இடிப்பையே ஒரு கொண்டாட்டமாக்கினார். அடுக்குமாடி வீடுகள் வருமென்றனர்; வரவில்லை. நிலம் நெடுங்காலம் வெறுமையாகக் கிடந்தது. அருகே நின்ற, 1925இல் ஜோன் மில்லர் அமைத்த 'தண்டர்போல்ற்' என்னும் மரக் கோஸ்டர் 1982உடன் ஓட்டம் நின்று, செடிகொடி படர்ந்து நின்றது. விழுந்துவிடும் அபாயமுண்டெனக் கூறி 2000 நவம்பரில் நகராட்சி அதனை இடித்துத் தள்ளிற்று. அவ்விடிப்பு நியாயமற்றதென 2003இல் நீதிமன்ற நடுவர் குழு கண்டது. கண்டென்ன, தண்டவாளம் அதற்குள் விறகாகிவிட்டது. 2014இல் அதே கடற்கரையில் உருக்கினாலான புதிய ஊர்தியொன்று தண்டர்போல்ற் என்னும் அதே பெயரைச் சூடி எழுந்தது. இறந்தவரின் பெயரைப் பேரனுக்கு இடுவது வழக்கம்தான். பாட்டனைக் கொன்றவர்கள் இடுவதில்லை.

சைக்கிளோனுக்கும் இக்கதி நேரவிருந்தது. 1970களின் தொடக்கத்தில், அதனை அகற்றி அயலிலுள்ள நீர்வாழ் காட்சியகத்தை விரிவாக்கும் திட்டமொன்று நகராட்சியிடம் இருந்தது. கொனி ஐலண்டை நேசித்தோர் எதிர்த்துக் குரலெழுப்பினர். இறுதியில் அது அயற்பூங்காவான அஸ்ட்ரோலாண்டின் உரிமையாளருக்குக் குத்தகைக்கு விடப்பட்டு, திருத்தப்பட்டு, 1975 யூலையில் மீண்டும் ஓடிற்று. 1988இல் நியூயோர்க் நகரின் பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவிக்கப்பட்டது. 1991இல் தேசிய வரலாற்றிடப் பதிவேட்டிலும் சேர்ந்தது.

ஆயினும் பேணல்வாதிகள் இவ்வெற்றியோடு நிறைவடைந்துவிடுவது பெருந்தவறு. சின்னமாக்கும் சட்டம் ஒரு கட்டமைப்பின் தோற்றத்தைக் காக்கும். அது இயங்கவேண்டுமென்று கட்டளையிடாது. இதற்குச் சான்று தேடி வெகுதூரம் போகவேண்டியதில்லை. சைக்கிளோனிலிருந்து கடற்கரையோரமாக மேற்கே நடந்தால் 'பரசூட் ஜம்ப்' என்னும் 262 அடி உயரக் கோபுரம் நிற்கின்றது. 1939ஆம் ஆண்டு உலகக் கண்காட்சிக்கெனக் கட்டப்பட்டு, 1941இல் கொனி ஐலண்டுக்குக் கொண்டுவரப்பட்ட இக்கோபுரத்திலிருந்து மக்கள் குடைகளிலே தொங்கியவாறு இறங்கினர். 1960களில் அவ்வியக்கம் நின்றது. 1989இற் சின்னமாயிற்று. துரு நீக்கப்பட்டது, வண்ணம் பூசப்பட்டது, 2006 முதல் இரவில் விளக்குகள் ஒளிர்கின்றன. படமெடுப்போர்க்கு அழகிய காட்சி. ஆனால் அரை நூற்றாண்டுக்கு மேலாக அதிலிருந்து ஒருவரும் இறங்கவில்லை. தண்டர்போல்ற் கொலை செய்யப்பட்டதென்றால், இது தைலமிட்டு வைக்கப்பட்ட உடல். இரண்டினுள் இரண்டாவதை வெற்றியெனக் கொண்டாடும் மனப்பான்மை பேணல் சங்கங்களிடம் மிகுதியாகக் காணப்படுகின்றது. பேணலென்பது புகைப்படத்துக்கு ஏற்ற வடிவத்தைக் காப்பதென்று கொண்டால், சைக்கிளோனும் ஒருநாள் விளக்கணி பூண்ட வெற்றுச் சட்டகமாகலாம். எந்தச் சட்டமும் மீறப்பட்டிராது.

அந்நாள் எத்துணை அருகில் இருக்கக்கூடும் என்பதை 2024 ஓகஸ்ட் காட்டிற்று. சங்கிலியை இழுக்கும் பொறியிற் பற்சக்கரமொன்று பழுதாகி, ஊர்தி நடுவழியில் நின்று, ஏறியிருந்தோர் இறக்கப்பட்டனர். ஓட்டம் தற்காலிகமாக நிறுத்தப்பட்டது. பின்னர் செப்பனிட்டு ஓட்டினர். பழுதான பாகம் மாற்றப்பட்டதே தவிர ஊர்தி மாற்றப்படவில்லை. செய்யவேண்டியது அதுவே. புதுக்கல்வாதிகள் இத்தகைய ஒவ்வொரு நிறுத்தத்தையும் தம் பக்கச் சாட்சியாக எடுத்துக்கொள்வர். நேற்றுக் கட்டிய ஊர்திகளும் பழுதாகி நிற்பதை எவரும் எண்ணிக் கணக்கெடுப்பதில்லை.

பேணல்வாதிகள் பேசாதுவிடும் இன்னொன்றும் உண்டு. 1927இன் 25 சதத்துக்கு இன்றைய பெறுமதி ஐந்து டொலருக்கும் குறைவு. 2010களிலேயே ஓர் ஓட்டத்தின் கட்டணம் பத்து டொலரளவை எட்டிவிட்டது. தண்டவாளத்தின் ஒவ்வொரு வளைவும் 1927இன்படி அங்குலம் பிசகாது காக்கப்படுகின்றது. அதில் ஏறும் விலையைக் காக்க ஒருவரும் சங்கம் அமைக்கவில்லை. சைக்கிளோன் நகராட்சியின் சொத்து. குத்தகைப் பத்திரத்தில் நிறத்தையும் தோற்றத்தையும் பற்றி நிபந்தனை விதிக்க வல்ல நகராட்சி, வாரத்தில் ஒருநாளாயினும் பழைய பெறுமதிக்கு ஏறவிடவேண்டுமென்றும், குளிர்காலந்தோறும் இத்தனை தச்சரை வேலைக்கு அமர்த்தி இளையோரைப் பழக்கவேண்டுமென்றும் நிபந்தனை விதிக்க இயலாததன்று. 2027 யூன் 26இல் சைக்கிளோனுக்கு நூறாண்டு நிறைகின்றது. விழா எடுப்பார்கள், பலகை திறப்பார்கள், தலைவர்கள் முன் ஆசனத்தில் அமர்ந்து படமெடுத்துக்கொள்வார்கள். அன்று பிற்பகலில் நிலக்கீழ் இரயிலில் மூன்று பிள்ளைகளுடன் வந்திறங்கும் தொழிலாளி ஒருவர் கட்டணப் பலகையைப் பார்த்துவிட்டு எத்தனை சீட்டு வாங்குவார் என்பதை விழாக்குழுவினர் கவனித்துக்கொள்ளவேண்டும்.